தீட்டாத அரிசியும் நாவின் சுவையும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி: படிப்பு வட்டங்களில் வாசித்து விவாதிப்பதற்கு உரியது)

தீட்டாத அரிசி உடலுக்கு நல்லது என்பதை இன்று அறியாதார் இலர். கூட்டங்களில் டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். கேட்டதன் பயனாக ஐந்து கிலோ வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன அங்கத்தினர்களும் பலர் உண்டு. அந்த ஐந்து கிலோ என்னவாயிற்று என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. முதல் நாள் சோறு விறைத்துக்கொண்டு நின்றது. குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டனர். பெரியவர்களால் மெல்ல முடியவில்லை. எஞ்சியது மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மறு வாரமே பழையபடி வெள்ளை அரிசி வீட்டுக்கு வந்துவிட்டது.

இதில் நஷ்டம் ஐந்து கிலோ அரிசி மட்டுமன்று. ஒரு முறை நாவுக்குப் பிடிக்காமற்போன உணவை, பிறகு எத்தனை சொற்பொழிவு செய்தாலும் குடும்பம் எளிதில் ஏற்பதில்லை. ஆதலின் நல்ல உணவைப் பற்றிப் பேசுவோர் முதலில் கற்றுத்தர வேண்டியது அதன் சத்துக் கணக்கையன்று. அதைச் சமைக்கும் வகையையே. தீட்டாத அரிசியின்மீது சொல்லப்படும் குறைகளுட் பல அரிசியின் குறைகள் அல்ல. நாட்பட்ட அரிசியை வாங்குவது, ஊறவையாமல் உலையிலிடுவது, பொருந்தாத குழம்பை ஊற்றுவது ஆகிய மூன்றின் குறைகளே அவை. பின்னிரண்டையும் திருத்துவது வீட்டின் கையில் உள்ளது. முதலாவதைத் திருத்துவது சங்கத்தின் கையில் உள்ளது. இதுவே இப்பாடத்தின் பொருள்.

1. நெல்மணியின் அமைப்பு

நெல்லை விளைவிப்போருக்கு நெல்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் ஒழுங்காகத் தொடங்குவோம். மேலே இருப்பது உமி. அதை மனிதன் உண்ண இயலாது. உமிக்குள் அரிசியைப் போர்த்தியிருப்பது தவிட்டுத் தோல். அரிசியின் ஒரு முனையில் முளைக்கரு உள்ளது. நடுவில் பெரும்பகுதியாக இருப்பது மாச்சத்து நிறைந்த வெள்ளைப் பகுதி.

100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. வெள்ளை வெளேரென்று தீட்டும்போது முளையும் தவிடுமாக மேலும் 10 முதல் 12 கிலோ வரை போய்விடும். எஞ்சுவது 68 கிலோ அளவுள்ள வெள்ளை அரிசி. நெல்லின் இனத்தையும் ஆலையையும் பொறுத்து இவ்வளவுகள் சற்று மாறும்.

எண்ணெய்ச் சத்து, நார்ச்சத்து, இரும்பு முதலிய தாதுக்கள், வைட்டமின்கள் ஆகியவற்றின் பெரும்பங்கு அந்த 10, 12 கிலோவில்தான் அடங்கியுள்ளது. சிவப்பரிசியின் சிவப்பும் கவுனியின் கருமையும் தவிட்டுத் தோலின் நிறங்களே. நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம். பாவுக்குப் போடும் கஞ்சிக்கு மாச்சத்து மட்டும் இருந்தாற் போதும். நூல் விறைப்பாக நிற்கும். நூலுக்குப் போதுமானது உடலுக்குப் போதாது.

2. உலகம் இதைக் கற்றுக்கொண்ட விதம்

தவிட்டின் அருமையை விஞ்ஞானம் அறிந்தது ஒரு கோழிக்கூட்டில். 1890-களில் ஜாவாத் தீவின் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். கால்கள் மரத்து, நடை தளர்ந்து, இருதயம் பழுதுற்று மனிதர் மாண்ட நோய் அது. அவர் ஆராய்ச்சிக்கூடத்துக் கோழிகளுக்கும் அதைப் போன்ற தளர்ச்சி வந்தது. சில மாதங்களில் அது தானாகவே நீங்கியது. விசாரித்தபோது காரணம் வெளிப்பட்டது. இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைப் பிறர் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசியை உண்ட கோழிகள் பிழைத்துக்கொண்டன. இவ்வாராய்ச்சிக்காக எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. தவிட்டிலிருந்த அப்பொருள்தான் வைட்டமின் பி1, அதாவது தயமின். 1936-இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூரில் 1886-இல் பிறந்தவர்.

நம் அருகிலேயே குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடமே பிற்காலத்தில் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. குன்னூரில் இருந்தோர் ஒரு வியப்பைக் கண்டனர். சென்னை மாகாணத்தின் வடபகுதியான வடசர்க்கார் மாவட்டங்களில் மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். அங்கே பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது என்பதே அதன் விளக்கம். பழைய உணவுச் சத்துப் பட்டியல்களைப் பார்த்தால் இது தெளிவாகும். 100 கிராமுக்கு, தீட்டிய பச்சரிசியில் சுமார் 0.06 மில்லிகிராம் தயமின். தீட்டிய புழுங்கலில் 0.21, கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, கைக்குத்தல் புழுங்கலில் 0.27.

ஆகவே, நெல்லைப் புழுக்கிய நம் முன்னோர் நம்மைப் பெரிபெரியிலிருந்து காத்தனர். ஆனால் தீட்டியபின் நார்ச்சத்தைப் புழுங்கலும் காக்க இயலாது. இன்றைய நம் கவலையும் வேறு; நீரிழிவு நம் தெருக்கள்தோறும் புகுந்துவிட்டது. 2014-இல் வெளியான ஒரு சென்னை ஆய்வில், உடற்பருமன் உடையோருக்கு வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது, ரத்தத்தில் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இது மருந்தாகாது, ஆயினும் அற்பமும் அன்று.

3. பாட்டியின் அரிசியும் இன்றைய அரிசியும்

"எங்கள் பாட்டி குத்திய அரிசி இவ்வளவு கடினமாக இருந்ததில்லையே?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் சொல்வது மெய். உரலில் உலக்கை விழும்போது உமி மட்டுமன்றித் தவிட்டிலும் ஒரு பகுதி உதிர்ந்துவிடும். முறத்தில் புடைத்தபின் மீந்த அரிசியில் தவிடு அங்கங்கே சிராய்ந்து, திட்டுத் திட்டாக நிற்கும். சிராய்ந்த இடங்களின் வழியே உலைநீர் உட்புகும். இன்று கடைகளில் தீட்டாத அரிசி என்று விற்பதோ பெரும்பாலும் ரப்பர் உருளைகளால் உமி மட்டும் உரிக்கப்பட்டது. அதன் தவிட்டுத் தோல் சிறிதும் கிழிவதில்லை. அத்தோல் எண்ணெய்ப் பசையுடையதாதலின் நீர் எளிதில் ஊடுருவாது.

இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முழுத் தவிட்டரிசியை வாங்கினால் அதற்கேற்ற ஊறலும் வேகலும் கொடுக்க வேண்டும். அது இயலாதெனில், இலேசாக ஒரு முறை மட்டும் தீட்டிய அரிசியைக் கேட்டு வாங்க வேண்டும். உமி நீக்கிய அரிசி 100 கிலோவுக்கு 3 அல்லது 4 கிலோ தவிடு மட்டும் போகுமாறு தீட்டினால், பாட்டியின் அரிசிக்கு அது மிக அண்மையில் நிற்கும். பழக்கமில்லாத வீடுகள் இதிலிருந்து தொடங்குவதே நன்று.

4. அரிசியைத் தேர்ந்தெடுத்தல்

சமையலுக்கு முன் கவனிக்க வேண்டியது அரிசியின் வயது. வெள்ளை அரிசியைப் பழையதாகப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். தீட்டாத அரிசிக்கு அவ்வழக்கம் ஆகாது. உமிக்குள் இருக்கும்வரை தவிட்டு எண்ணெய் பத்திரமாக இருக்கும். எனவே நெல் எவ்வளவு பழையதாயினும் தாழ்வில்லை. உமி நீங்கியதும் தவிட்டிலேயே உள்ள ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. காற்றும் வெப்பமும் அதற்குத் துணைநிற்கின்றன. சில வாரங்களில் காறல் வாடை பிறந்து, சோற்றில் கசப்பாக வெளிப்படும். எந்தச் சமையல் திறமையாலும் அதைப் போக்க முடியாது. நெல்லைப் புழுக்கும்போது அந்த நொதி வெப்பத்தால் அழிவதால், புழுங்கல் வகை சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு பிடி அரிசியை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். புதியதாயின் வைக்கோலையும் தானியத்தையும் ஒத்த மணம் வரும். நாட்பட்டதாயின் பழைய எண்ணெயின் வாடை வரும். சந்தேகமிருந்தால் நான்கு மணிகளை மென்று பாருங்கள். நாக்கில் கசப்பு தங்கினால் வாங்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவை ஒரே சமயத்தில் வாங்காதீர்கள். இறுக மூடும் பாத்திரத்தில், நிழலான இடத்தில் வையுங்கள். தவிட்டரிசியை வண்டு விரைவில் நாடுமாதலால் காய்ந்த மிளகாயோ வசம்போ போட்டு வைப்பது நலம்.

அடுத்தது இனம். சிவப்பும் பருமனுமான மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் முதல் நாளே சோறாக வடித்துக் குடும்பத்தின்முன் வைப்பது யுக்தியன்று. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா போன்ற சன்ன இனங்களில் தொடங்குங்கள். இவை விரைவில் வேகும், வாயில் உறுத்தா. பருமனான சிவப்பு இனங்களைக் கஞ்சி, புட்டு, இட்லி ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருப்புக் கவுனியை வெல்லமும் தேங்காயும் சேர்த்து இனிப்பாக்குவது செட்டிநாட்டு வழக்கம். அதனைச் சாம்பார்ச் சோறாக்க முயல வேண்டாம்.

5. ஊறவைத்தல்

தீட்டாத அரிசிச் சமையலில் பாதி வேலை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இலேசாகத் தீட்டியதற்கு 1 மணி நேரம், சன்ன இனத் தவிட்டரிசிக்கு 2 முதல் 3 மணி நேரம், பருமனான சிவப்பு இனங்களுக்கு ஓர் இரவு ஊறல் தேவை. அவசரமாயின் கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் ஊறவைத்தால் நேரம் பாதியாகக் குறையும்.

களைவதில் ஓர் எச்சரிக்கை. நீர் தெளியும்வரை ஐந்தாறு முறை களைவது வெள்ளை அரிசிக்கு ஏற்பட்ட பழக்கம். தயமின் நீரில் கரைவது. ஆதலின் இரண்டு முறை கழுவினாற் போதும். கழுவியபின் அளந்த நீரில் ஊறவைத்து, அந்நீரோடேயே உலையிலிடுங்கள். இரவு முழுதும் ஊறினால் மட்டும் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் விட வேண்டும். கோடையில் அது புளித்து வாடை தரும்.

6. நீரும் நெருப்பும்

ஊறிய சன்ன அரிசிக்கு, 1 டம்ளருக்கு 2½ டம்ளர் நீர். பருமனான சிவப்பரிசிக்கு 3 முதல் 3½ டம்ளர். டம்ளர் என்பது ஊறுவதற்கு முன் அளந்த அளவு.

திறந்த பானையில் சமைப்போர், நீர் கொதித்தபின் தழலைத் தணித்து, மூடியிட்டு, 30 முதல் 40 நிமிடம் வேகவிட வேண்டும். பிரஷர் குக்கரில் முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து, சன்ன இனத்துக்கு 15 நிமிடமும் பருமனானதற்கு 25 நிமிடமும் விடுங்கள். ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். பானைச் சோற்றையும் இறக்கியபின் 15 நிமிடம் மூடியே வைத்திருக்க வேண்டும். தவிட்டுத் தோலும் உள்மாவும் ஒருங்கே இளகுவது இந்த அடங்கும் நேரத்தில்தான். பசி பொறாமல் உடனே திறந்து பரிமாறுவதே "சோறு விறைக்கிறது" என்னும் புகாருக்கு இரண்டாவது பெருங்காரணம். முதற் காரணம் ஊறாமை.

வடித்துக் கஞ்சியைக் கொட்டுவது இவ்வரிசிக்கு ஏற்றதன்று. சத்தும் மணமும் கஞ்சியோடு போய்விடும். வடித்தே பழகியவர்கள் அக்கஞ்சியை உப்பும் மோரும் சேர்த்துப் பருகிவிடுங்கள், அல்லது ரசத்துக்குப் பயன்படுத்துங்கள்.

மணத்துக்கு இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று, உலையில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெயும் விடுவது. சோறு உதிர்ந்து மினுமினுக்கும். மற்றொன்று, ஊறவைக்கும் முன் அரிசியை வெறும் வாணலியில், மணம் எழும்வரை மட்டும் இளந்தீயில் வறுப்பது. வறுத்த தவிடு வேர்க்கடலையை நினைவூட்டும் மணம் தரும். நிறம் மாறும்வரை வறுத்தல் ஆகாது.

7. எதனோடு உண்பது?

வெள்ளைச் சோற்றுக்குத் தனக்கென்று சுவை அதிகமில்லை. எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். தீட்டாத அரிசிக்குச் சொந்தச் சுவை உண்டு. மணிகள் தோல்மூடி இருப்பதால் நீர்த்த ரசமும் தண்ணீர்ச் சாம்பாரும் அவற்றின்மேல் வழிந்து ஓடிவிடும். சோறு ஒரு பக்கமும் ரசம் ஒரு பக்கமுமாகத் தட்டில் நிற்கும். சமைத்தவருடைய குற்றமன்று அது, பொருத்தத்தின் குற்றம்.

கெட்டியாக மணிகளைப் பற்றிக்கொள்ளும் வகைகள் வேண்டும்: வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, கீரை மசியல், பருப்புத் துவையல், எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். மீன் உண்போர் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பார்க்கட்டும். அதற்கு வெள்ளைச் சோற்றைவிடச் சிவப்புச் சோறே தக்க துணை என்பது விளங்கும். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு ஆகியவற்றுக்குத் தூயமல்லி மிக நன்று. மணிகள் குழையாமல் நிற்கும். தயிர்ச்சோற்றுக்கு மட்டும் கால் பங்கு நீர் கூட்டிக் குழைய வேகவிட்டு, சூடாக இருக்கும்போதே கரண்டியால் மசித்துக்கொள்ளுங்கள்.

கீரை, நெல்லிக்காய், எலுமிச்சை இவற்றில் ஒன்றைச் சேர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்புச் சத்தை உடல் ஏற்பதைச் சற்றுத் தடுக்கும். ஊறவைப்பது அதை ஓரளவு குறைக்கும். புளிக்கவைப்பது மேலும் குறைக்கும். நெல்லியிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி இரும்பு சேர்வதற்கு உதவும்.

8. சோறு தவிர மற்றவை

சோற்றை மறுக்கும் குழந்தைகள் இட்லியை மறுப்பதில்லை. ஆகவே முதல் வாயில் இட்லியாக இருக்கட்டும். தீட்டாத புழுங்கலரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, வெந்தயம் ஒரு சிறு கரண்டி. அரிசி 6 மணி நேரமாவது ஊற வேண்டும். நைய அரைக்க வேண்டும். நீர் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். இம்மாவு விரைவில் புளித்துவிடுவதைச் சமைப்போர் காண்பார்கள். கோடையில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பாதி தீட்டாததும் பாதி வழக்கமான இட்லியரிசியுமாகக் கலப்பது நலம்.

பருமனான சிவப்பரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து வறுத்தால் புட்டுமாவு தயார். நொய்யாக உடைத்துக் கஞ்சி காய்ச்சி, சின்ன வெங்காயமும் துவையலும் வைத்துக் கொடுத்தால் நோயாளியும் முதியோரும் மெல்லாமலே உண்ணலாம். இரவு மீந்த சோற்றில் நீரூற்றி வைத்த பழையது, இவ்வரிசியில் தனிச் சுவையுடையது. விடியற்காலையில் தறியில் இறங்குவோருக்கும் வயலுக்குப் போவோருக்கும் அதுவே போதிய காலையுணவாகும்.

9. படிப்படியாக மாறுதல்

ஒரே நாளில் வீட்டு அரிசியை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு வாரம் நான்கில் ஒரு பங்கு. அடுத்த இரண்டு வாரம் பாதி. அதன்பின் முக்கால் பங்கு. இரண்டு அரிசிகளையும் ஒன்றாக உலையிலிட்டால் ஒன்று குழையும், மற்றது விறைக்கும். ஊறிய தீட்டாத அரிசியை முதலில் இட்டு, 15 நிமிடம் கொதித்தபின் மற்றதைச் சேருங்கள். வயிறும் நார்ச்சத்துக்குப் பழக இந்தக் கால அளவு உதவும்.

நிதானமாக மென்று உண்ண வேண்டிய சோறு இது. பசியும் விரைவில் அடங்கும். ஆனால் "சத்துள்ள அரிசிதானே" என்று அளவை மீறலாகாது. நீரிழிவு உள்ளவருக்கு இதுவும் அரிசியே. சிறுநீரக நோய் உள்ளவர்கள், தவிட்டில் தாதுக்கள் மிகுதியாதலின், தம் டாக்டரைக் கேட்டபின்பே மாற வேண்டும்.

10. எழக்கூடிய ஆட்சேபங்கள்

"ரேஷன் கடையில் விலையின்றி அரிசி கிடைக்கும்போது காசு கொடுத்து இதை ஏன் வாங்க வேண்டும்?" கூலியை நம்பி வாழும் நெசவாளர் குடும்பம் இக்கேள்வியைக் கேட்பது நியாயமே. முழுவதும் மாற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடையரிசியோடு நான்கில் ஒரு பங்கு கலப்பதும், ஒரு வேளை மட்டும் உண்பதும்கூடப் பயனுடையவை. கடையில் கிடைப்பது புழுங்கலாயின், குறையக் களைந்து, கஞ்சியைக் கொட்டாமல் உண்பது காசு செலவில்லாத சீர்திருத்தம்.

"தவிட்டை நாம் தின்றுவிட்டால் மாட்டுக்கு எது?" இது பயிர்செய்வோரின் கேள்வி. இலேசாகத் தீட்டும் முறையில் ஒரு பங்கு தவிடு மாட்டுக்குக் கிடைக்கவே செய்கிறது. வீட்டு உபயோகத்துக்கு உள்ள நெல்லை மட்டுமே நாம் பேசுகிறோம். விற்பனைக்குப் போகும் நெல்லின் தவிடு குறையப்போவதில்லை.

"விலை அதிகமாயிற்றே?" ஆம். ஆனால் உமியை மட்டும் நீக்கும் அரிசிக்கு வேலை குறைவு. கிடைக்கும் எடை அதிகம். அப்படியிருந்தும் விலை கூடுவதற்குக் காரணம் சிறு அளவு வியாபாரமும், விரைவில் கெடுமென்ற அச்சமும், இடைத்தரகும். இம்மூன்றையும் நீக்குவதற்கென்றே ஏற்பட்டது கூட்டுறவு.

11. சங்கம் செய்யக்கூடியது

இது புதிய எண்ணமன்று. 1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, அதன் முதன்மை வேலைகளுள் ஒன்றாகக் கைக்குத்தல் அரிசியை வைத்தார். அச்சங்கத்தை நடத்தியவர் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்குத்தல் தொழிலைக் காப்பதைக் கருத்திற்கொண்டு, 1958-இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் ஒன்றும் வந்தது. பிற்காலத்தில் அது நீக்கப்பட்டது. சட்டம் நிலைக்கவில்லை, உரலும் வீடுகளிலிருந்து மறைந்தது. உலக்கை பிடித்த பெண்களின் உழைப்பை எண்ணினால், அது மறைந்ததற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. அந்த உழைப்பில்லாமலே அந்த அரிசியைப் பெறுவதற்கு இன்று சிறு எந்திரங்கள் உள்ளன.

நம் சங்கங்கள் பின்பற்றத்தக்க முறை இது. அங்கத்தினர்களின் நெல்லை நெல்லாகவே கிடங்கில் வைக்க வேண்டும். எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை கிலோ என்று முன்கூட்டிப் பதிவு செய்து, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை அந்த அளவை மட்டும் உமி நீக்கி, இலேசாகத் தீட்டி, அரைத்த தேதியைப் பையில் எழுதிக் கொடுக்க வேண்டும். காறல் அரிசி என்ற பேச்சே எழாது.

கணக்கையும் பார்ப்போம். மாதம் 30 கிலோ அரிசி உண்ணும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 360 கிலோ வேண்டும். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ வெள்ளை அரிசி என்றால், அதற்கு ஏறத்தாழ 529 கிலோ நெல் தேவை. இலேசாகத் தீட்டி 75 கிலோ பெற்றால் 480 கிலோ போதும். ஒரு குடும்பத்துக்கு மிச்சம் 49 கிலோ நெல். நூறு குடும்பங்களுக்கு 4,900 கிலோ. முழுதும் தீட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் தவிட்டின் விலையை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். கழித்தபின் எவ்வளவு நிற்கிறது என்பதை அந்தந்தச் சங்கம் தன் ஊர் விலையில் போட்டுப் பார்க்கட்டும்.

விதைக்கும் வழியுண்டு. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய இன விதை 2 கிலோ கொடுத்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறும் வழக்கத்தைப் பரப்பினார். வட்டிக்குப் பதில் விதை வளரும் இம்முறை, சங்கங்களுக்கு மிக இயல்பாகப் பொருந்துவது.

எல்லாவற்றுக்கும் முன், மாதாந்தரக் கூட்டத்தில் ஒரு சுவைச் சோதனை நடத்துங்கள். ஒரே இன அரிசியை ஊறவைத்தும் ஊறவையாமலும் சமைத்து, ஒரே குழம்பை ஊற்றி, எது எதுவென்று சொல்லாமல் பரிமாறுங்கள். அங்கத்தினர்களின் கருத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்போரே இதில் ஆசிரியர்கள்; ஆண் அங்கத்தினர்கள் மட்டும் கூடி முடிவுசெய்தால் இம்முயற்சி பலிக்காது.

படிப்பு வட்டத்துக்கு உரிய வினாக்கள்

1. நம் வீட்டில் அரிசியை எத்தனை முறை களைகிறோம்? வடித்த கஞ்சி எங்கே போகிறது?

2. நம் ஊர் ஆலையில் இலேசாக ஒரு முறை மட்டும் தீட்டித் தருவார்களா? எவ்வளவு நெல் சேர்ந்தால் தருவார்கள்?

3. நம் சங்கத்தில் மாதந்தோறும் வாங்கச் சம்மதிக்கும் குடும்பங்கள் எத்தனை?

4. நம் பகுதியில் முன்பு பயிரிட்ட சன்ன இனங்கள் எவை? விதை யாரிடம் உள்ளது?

வட்டங்கள் தாம் கண்ட விடைகளையும் சுவைச் சோதனையின் முடிவுகளையும் நமக்கு எழுதியனுப்பக் கோருகிறோம். பிடிக்கவில்லை என்று முடிவானாலும், எந்த அரிசி, எவ்வளவு நேரம் ஊறியது, எந்தக் குழம்பு என்ற விவரங்களோடு எழுதுங்கள். மற்றச் சங்கங்களுக்கு அதுவும் பயன்படும்.